செல்லாக்காசு அண்ணாச்சி மெஸ்

இந்திய அரசாங்கம் எழுதியதை ஓர் எழுத்துக்கூட விடாமல் நம்பிய மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். எழுதிய அரசாங்கம்கூட அவ்வளவு நம்பியிருக்காது. அவர் சிவகாசியில், அச்சகங்கள் தோளோடு தோள் இடித்து நிற்கும் ஒரு சந்துக்குள் மெஸ் வைத்திருந்தார். பெயர் செல்லாக்காசு அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் கேஸ் புத்தகம் மனைவி பெயரில், கரண்ட் கனெக்‌ஷன் கட்டட உரிமையாளர் பெயரில், போன் நம்பர் மகள் பெயரில் இருந்ததால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி இல்லாமல் போயிற்று.

நான் அதே சந்தில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். நாள்காட்டி, டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று எது அச்சாவதானாலும் மெஷினில் ஏறுமுன் என் கண்ணைத் தாண்டியாக வேண்டும். ஒருமுறை பிரதோஷத் தேதியில் நான் கோட்டை விட்டதில் மூன்று மாவட்டத்துச் சிவபக்தர்கள் ஒரு நாள் முன்னதாகவே விரதம் இருந்துவிட்டார்கள். அதற்கெல்லாம் அசராத என்னை, ஒரே மனிதர் இத்தனை தடவை அதிர வைப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது நான்தான் என்பது.

ஒரு மத்தியானம் இலையில் சோறு விழுந்ததும் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்தார்.

"தம்பி, நீங்க எழுத்துல பிழை பாக்குற ஆளு. இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

பழைய இருபது பைசா. மஞ்சள் உலோகம், தாமரைப் பூ, மேலே சூரியன். புது ஐந்து ரூபாய் நாணயமும் மஞ்சளாக இருப்பதால் யாரோ கூட்டத்தில் இதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இது செல்லாது அண்ணாச்சி. யாரோ உங்கள ஏமாத்திட்டுப் போயிட்டாக."

"அதக் கேக்கல. ஓரத்துல என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்குல்ல, அது என்ன?"

"எல்லாருக்கும் உணவுன்னு போட்டிருக்கு."

அவர் காசைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"நல்லாப் பாருங்க. கீழ பொடி எழுத்துல எதுவும் நிபந்தனை போட்டிருக்கா? நீங்க லேபிள்ல போடுவீகள்ல, அந்த மாதிரி?"

"நிபந்தனையெல்லாம் இல்ல. விளைச்சலைப் பெருக்கணும், பசி இருக்கக் கூடாதுன்னு சொல்றதுக்காக அரசாங்கம் அப்பப்ப இந்த மாதிரிக் காசு அடிச்சிருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு வாசகம் இருக்கும். இது மாதிரி நெறைய இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் சாப்பிடப் போனபோது மெஸ் வாசலில் ஒரு ஒட்டுப்பலகை தொங்கியது. எங்கள் அச்சகத்தில் மிச்சம் விழுந்த நான்கு வண்ண மையாலும் எழுதியிருந்தார்: "எல்லாருக்கும் உணவு என்று போட்ட காசு கொண்டு வருபவருக்கு ஒரு சாப்பாடு. செல்லாத காசும் செல்லும். இது அரசாங்க உத்தரவு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பலகைக்கு நேர் கீழே மேசை மேல் கியூஆர் அட்டை நின்றுகொண்டிருந்தது. சந்து முழுக்கச் செல்போனை ஆட்டிவிட்டுப் போகிற காலத்தில் இவர் இருபது பைசாவுக்குச் சாப்பாடு என்கிறார்.

"அண்ணாச்சி, அரசாங்கம் அப்படி உத்தரவு எதுவும் போடல."

"எழுதியிருக்குன்னு நீங்கதான சொன்னீக?"

"எழுதியிருக்கு."

"சிங்கம் போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்கு."

"பெட்டியில அறுபது ஷாட்டுனு லேபிள் ஒட்டிட்டு அம்பத்தெட்டு வெடிச்சா கம்பெனியக் கேப்பமா, மாட்டமா?"

"கேப்போம்."

"கம்பெனி லேபிளுக்கே அம்புட்டு ஞாயம் இருக்குன்னா, சிங்கம் போட்ட லேபிளுக்கு எம்புட்டு இருக்கணும்? அரசாங்கம் சொல்லிட்டு மறந்துருச்சு. மறந்ததை நாம ஞாபகப்படுத்த வேண்டாமா?"

அதற்குள் உள்ளேயிருந்து குழம்புக் கரண்டியோடு அவர் மனைவி பாக்கியம் மதினி வந்துவிட்டார். அண்ணாச்சி பேசுவார், மதினி சமைப்பார். அதுதான் அந்த மெஸ்ஸின் வேலைப் பிரிவினை.

"தம்பி, நீங்கதான் வாசிச்சுச் சொன்னீகளாம்ல? தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க படிப்பு கொறஞ்சா போயிருக்கும்? அந்தப் பலகைய நான் ஒருநா அடுப்புல வைக்கத்தான் போறேன்."

சொல்லிவிட்டு என் இலையில் குழம்பை ஊற்றிய வேகத்தில் சட்டையில் பாதி தெறித்தது.

சிவகாசியில் ஒரு சேதி பரவ அதிக நேரம் ஆகாது, எல்லாமே எளிதில் பற்றிக்கொள்ளும் ஊர். வெம்பக்கோட்டைப் பக்கமிருந்தும் எம். புதுப்பட்டியிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள் பழைய டப்பா, உடைந்த உண்டியல், சாமி படத்துக்குப் பின்புறம் எல்லாவற்றையும் துழாவிக் காசு கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றையும் அண்ணாச்சி என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு வாசகம் இருந்தது. அப்போதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. அவர் எந்த வாசகத்தையும் சும்மா விடுவதாக இல்லை.

லோடு ஆட்டோ ஓட்டும் ஒருவர் பத்துப் பைசா ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே மனைவியும் நான்கு பிள்ளைகளும். நான் வாசித்தேன்: "திட்டமிட்ட குடும்பம், எல்லோருக்கும் உணவு."

"திட்டமிட்ட குடும்பம்னா?" என்றார் அண்ணாச்சி.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பழக்கதோஷம், விளக்கம் சொன்னேன். "ரெண்டு புள்ளைக போதும்னு அப்ப அரசாங்கம் சொன்னது அண்ணாச்சி."

அண்ணாச்சி காசைப் பார்த்தார். பிள்ளைகளை எண்ணினார். மறுபடி காசைப் பார்த்தார். "காசுப்படி பாத்தா ரெண்டு கூடுதலா இருக்கே" என்றார் ஆட்டோக்காரரிடம், லேபிளில் விழுந்த பிழையைச் சுட்டிக்காட்டும் குரலில்.

ஆட்டோக்காரர் கூசிப்போனார். "காசு அடிச்ச வருசம் நானே பெறக்கல அண்ணாச்சி. எனக்கு எப்பிடித் தெரியும்?"

காசில் குடும்பம் என்று இருந்ததால் அம்மாவும் அப்பாவும் மூத்த பிள்ளைகள் இரண்டும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். சின்னதுகள் இரண்டும் நின்றன. மெஸ்ஸில் ஒருவரும் வாயில் சோறு வைக்கவில்லை. அண்ணாச்சி உள்ளே போய், வந்த காசுகளைப் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து, பழைய தாமரை இருபது பைசாவை எடுத்துவந்து நின்ற இரண்டில் மூத்ததின் கையில் வைத்தார். வைத்துவிட்டு, "என்ன கொண்டாந்திருக்க?" என்று கேட்டார். பிள்ளை திருதிருவென்று விழித்துக்கொண்டே காசை நீட்டியது. வாங்கிப் பார்த்து, "ஆங், இது எல்லாருக்கும்னுதான் போட்டிருக்கு. உக்காரு" என்றார். பிறகு அதே காசு அடுத்த பிள்ளைக்கும் போய்த் திரும்பி வந்தது. அரசாங்கத்தின் இரண்டு வாசகங்களுக்கு இடையே இருந்த முரண்பாட்டை இவ்வளவு சுருக்கமாக யாரும் தீர்த்து நான் பார்த்ததில்லை.

எங்கள் அச்சக மேனேஜருக்கு இதெல்லாம் வேடிக்கை. தும்பைப்பூ மாதிரிச் சட்டை போடுகிற மனிதர். மாமனார் வீட்டிலிருந்து ஒரு பழைய காசைத் தேடி எடுத்து, "இன்னைக்கு ஓசிச் சாப்பாடு பாத்துக்க" என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். திருப்தியாகச் சாப்பிட்டார். இரண்டு அப்பளம் கேட்டு வாங்கினார். கை கழுவி வந்தவர் முன்னால் அண்ணாச்சி ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை வைத்தார்.

"என்ன இது?"

"வேலை. உங்க காசுல 'உணவும் வேலையும் எல்லோருக்கும்'னு போட்டிருக்காம். உணவு ஆச்சு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வாசித்துச் சொன்னவன் வேறு யார். அரை மணி நேரம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணீரும் கம்பலையுமாக வெங்காயம் உரித்தார். சந்தில் போன எங்கள் ஆட்கள் அவர் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து ஆறுதல் சொல்ல உள்ளே வந்தார்கள்.

'வளர்ச்சிக்குச் சேமியுங்கள்' என்று போட்ட காசை ஒருவர் நீட்டியபோது அண்ணாச்சி அதைத் தொடவே மறுத்தார். சேமிக்கச் சொல்லியிருப்பதை வாங்கினால் அவரும் குற்றவாளி, கொடுத்தவரும் குற்றவாளியாம். அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டுக் காசை மேசையில் வைத்து நழுவப் பார்க்க, அண்ணாச்சி இலை எடுக்கும் வாளியோடு பஸ் ஸ்டாண்ட் வரை துரத்திப் போய்ச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தார். "எடுத்துச் செலவழிச்சீக, தெரிஞ்சுபோகும்" என்று கண்டக்டர் காதில் விழச் சொன்னாராம். பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ கடத்தல் என்று நினைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. 'அதிக உணவு பயிரிடுங்கள்' என்று ஒரு காசு வந்தது பாருங்கள், அதிலிருந்துதான் எங்கள் முதலாளிக்கு ரத்தக் கொதிப்பு ஆரம்பித்தது.

அண்ணாச்சிக்குச் சொந்தமாகக் கையகல நிலம்கூடக் கிடையாது. அவர் அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு விதைத்து, கூலிக்கு அறுத்தவர். மழை தவறியபோது குடும்பத்தோடு பட்டாசுக் கம்பெனிக்கு வந்தார்கள். "வெதைக்கத் தெரியும் தம்பி, வெதைக்கத்தான் எடம் இல்ல" என்று காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சந்தை ஒரு பார்வை பார்த்தார். அச்சகம் ஒவ்வொன்றின் வாசலிலும் காலி மை டின்கள் குவிந்து கிடந்தன.

ஒரே மாதத்தில் சந்து பச்சையாகிவிட்டது. மை டின்னில் கத்தரி, மை டின்னில் வெண்டை, மை டின்னில் மிளகாய். ஒரு டின்னில் கம்பு விதைத்து, அது கதிர் விட்டபோது சந்து முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசித்து, எங்கள் மெஷின் ஹாலின் ஏசி சொட்டும் இடத்தில் பூசணி வைத்தார். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நாள்காட்டி சீசனில் யாருக்குச் செடியைப் பார்க்க நேரம் இருக்கிறது?

பூசணி எங்களைக் கவனித்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் மெஷின்காரர் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடினோம். ஜன்னல் வழியாக நுழைந்த கொடி நான்கு வண்ண மெஷினைச் சுற்றி ஏறி, அடுக்கி வைத்திருந்த மகாலட்சுமி படத் தாள்களின் மேல் ஒரு மஞ்சள் பூவை விரித்திருந்தது. மகாலட்சுமிக்கு அது நன்றாகத்தான் இருந்தது. முதலாளி முகம்தான் நன்றாக இல்லை.

"யாரு வச்சது இத?"

"அரசாங்கம்" என்றார் அண்ணாச்சி, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி. கையில் மறக்காமல் அந்தக் காசைக் கொண்டுவந்திருந்தார்.

முதலாளி கொடியை வெட்டச் சொன்னார். வெட்டப் போன ஆள், பிஞ்சு ஒன்று பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் ஒரு மாதத்துக்கு அந்த ஜன்னல் பக்கம் மெஷினை ஓட்டாமல் விட்டு, பூசணிக்காயை முழுதாக வளர்த்து எடுத்தோம். முதலாளி வீட்டுக்குப் பாதி போனது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த சந்தில்தான் அந்த வருஷம் சிரிப்பு நின்றது. வேறு ஒரு பக்கம் நடந்த வெடி விபத்துக்குப் பிறகு ஆய்வு என்று வந்து, பட்டாசுக் கம்பெனிகளை வரிசையாக மூடினார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. எம். புதுப்பட்டியிலிருந்து பெண்கள் காலை பஸ்ஸில் வந்து, டைரி பைண்டிங் வேலை ஏதும் கிடைக்குமா என்று ஒவ்வோர் அச்சக வாசலிலும் கேட்டார்கள். சீசன் முடிந்திருந்தது. எங்களிடமும் ஆர்டர் இல்லை. மத்தியானம் வரை சந்து நிழலில் நிற்பார்கள். டிபன் வாளி கொண்டுவந்திருப்பார்கள், ஆனால் யாரும் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை.

முதல் நாள் அவர்களில் இரண்டு பேர் பழைய காசு கொண்டுவந்து சாப்பிட்டார்கள். மறுநாள் ஆறு பேர். அந்த வாரக் கடைசியில் இரண்டு பெஞ்சும் அவர்களாலேயே நிறைந்தது. காசு கொடுத்துச் சாப்பிடும் நாங்கள் நின்றுகொண்டு காத்திருந்தோம். எங்கள் இலையிலிருந்து முதலில் அப்பளம் காணாமல் போனது. பிறகு மோர். பிறகு பொரியல். மை டின் கத்தரிக்காய் மட்டும் சாம்பாரை விடாமல் காப்பாற்றியது. காலை டிபனை நிறுத்திவிட்டார்கள். மெஸ்ஸும் மூடப்படும் என்று சந்தில் பேச்சு எழுந்தது.

"பலகைய எடுத்துருங்க அண்ணாச்சி" என்றேன். "கம்பெனி தொறக்குற வரைக்குமாவது."

"பலகையில எழுத்துப் பிழை எதுவும் இருக்கா தம்பி?"

"இல்ல."

"பெறவு எதுக்கு எடுக்கணும்?"

எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. தொழில் அப்படி. வந்துகொண்டிருந்த காசுகளில் ஒரு தாமரை இருபது பைசாவின் விளிம்பில் சிறு வெட்டு இருந்தது. அதை நான் திங்கள் அன்று பார்த்தேன். புதன் அன்றும் பார்த்தேன். வெள்ளியன்று வேறொரு பெண் அதையே நீட்டினாள். அண்ணாச்சி வாங்கி டின்னில் போடுகிறார், அது எப்படி வெளியே வருகிறது? யாரோ திருடுகிறார்கள் என்று எனக்குப் பகீரென்றது. இவ்வளவு நல்ல மனிதரை, அதுவும் செல்லாத காசில் ஏமாற்றுகிறார்களே என்று கோபமும் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய், கிரைண்டர் மறைவில் நின்றேன். கொல்லைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. வெளியே நான்கைந்து பெண்கள். உள்ளே, சேலைத் தலைப்பில் பிஸ்கட் டின்னை மறைத்துப் பிடித்தபடி, ஒவ்வொருத்தி கையிலும் ஒரு காசை வைத்து மூடிக்கொண்டிருந்தது பாக்கியம் மதினி.

நான் கிரைண்டரில் இடித்துக்கொண்டேன். மதினி திரும்பினார். பெண்கள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"அவுக காதுல விழுகாமப் பேசுங்க தம்பி. தெரிஞ்சா, சட்டப்படி வரலன்னு அவுக மனசு கஷ்டப்படும்."

"அந்தப் பலகைய அடுப்புல வைக்கப் போறேன்னு சொன்னது நீங்கதான மதினி?"

"சொன்னேன். இப்பவும் சொல்லுவேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் கம்பெனியில திரி வெட்டுனவதான். இந்தப் புள்ளைகளச் சும்மா வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டுப் பாருங்க, ஒருத்தி வர மாட்டா. பசிக்கலம்பாளுக. கையில ஒரு காசு இருந்தா, பாருங்க, எப்பிடி நிமிந்து உள்ள வராளுகன்னு."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு முன்பக்கம் வந்தேன். சற்று நேரத்தில் வெட்டு விழுந்த காசு, நிமிர்ந்து நடந்த ஒரு பெண்ணின் கையில் உள்ளே வந்தது. அண்ணாச்சி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சரியா இருக்கு, உக்காருங்க" என்றார்.

மதினிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், என் தொழில் ஒரு பக்கம். தாங்க முடியவில்லை. "அண்ணாச்சி, இதே காசு நேத்தும் வந்துச்சே" என்றேன்.

"காசுன்னா சுத்தத்தான தம்பி செய்யும்? ஒரே எடத்துல கெடந்தா அதுக்குப் பேரு காசா?"

பிறகு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"உங்க மதினிகிட்டச் சொல்லிராதீக. நான் கவனிக்கலன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. டின்னு மூடி இறுக்கமா இருந்துச்சு, தெறக்க ரொம்பச் சிரமப்பட்டா. நான்தான் தளத்தி வச்சேன்."

இருவருக்கும் நடுவில், இரண்டு ரகசியங்களையும் வைத்துக்கொண்டு, நான் சாம்பார் சோற்றைப் பிசைந்தது பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு திகைத்துப்போய் நான் சாப்பிட்டதில்லை.

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிடாமலே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு வெங்காய முறத்தை எடுத்து வைத்துக்கொண்டார். இந்தத் தடவை அவரிடம் காசு எதுவும் இல்லை. முதலாளி வீட்டிலிருந்து ஓர் அரிசி மூட்டை வந்தது. தனக்கு வந்த பாதிப் பூசணிக்காய்க்கு விலை என்று சொல்லி அனுப்பியிருந்தார். மெஸ் எப்படியோ தள்ளிக்கொண்டு போனது.

கம்பெனிகளைத் திறந்தார்கள். முதல் சம்பளம் வாங்கிய சனிக்கிழமை அந்தப் பெண்கள் எல்லோரும் மொத்தமாக வந்து, நல்ல காசு கொடுத்துச் சாப்பிட்டார்கள். ரசத்தில் புளி போதவில்லை என்றாள் ஒருத்தி. பொரியலில் தேங்காய் இல்லை என்றாள் இன்னொருத்தி. மதினி வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "காசு குடுத்ததும் வாய் வந்துருச்சு பாருங்க தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு விருதுநகரில் வேலை மாறியது. அண்ணாச்சிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேட்டி, சட்டை எல்லாம் அவருக்குப் பொருத்தமாகப் படவில்லை. அப்போதுதான் அரசாங்கம் உணவைப் பற்றி எழுபத்தைந்து ரூபாய் நாணயம் ஒன்று வெளியிட்டிருப்பது தெரிந்தது. வெள்ளி கலந்தது. பளபளவென்று, கண்ணாடி போன்ற ஒரு பெட்டிக்குள் அடைத்து வந்தது. ஒரு வாரச் சம்பளம் போனது. போகட்டும் என்று எடுத்துக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணாச்சி பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வாசிங்க" என்றார். வாசித்தேன். சத்தான சாப்பாட்டைப் பற்றி இந்தியில் ஒரு வரி. எனக்குத் தெரிந்த இந்தியில் அர்த்தம் சொன்னேன்.

"நல்லாருக்கு. இத எந்தக் கடையில குடுக்கலாம்?"

"கடையில எல்லாம் குடுக்க முடியாது அண்ணாச்சி. இது புழக்கத்துக்கு அடிக்கல. பெட்டியோட வச்சு அழகு பாக்கத்தான்."

அதுவரை அதிர்ச்சி அடைவது என் வேலையாகவே இருந்தது. அன்று முதல்முறையாக அந்த முகத்தில் அதைப் பார்த்தேன்.

"சாப்பாட்டப் பத்தி எழுதிட்டு, எவரு கையிலயும் படாமப் பெட்டியில அடைச்சா வச்சிருக்காக?"

"தெறந்தா மதிப்பு போயிரும்னு..."

நான் முடிப்பதற்குள் தேங்காய் உடைக்கும் அரிவாள் கைப்பிடியால் ஒரே போடு. பெட்டி இரண்டாகப் பிளந்தது. என் ஒரு வாரச் சம்பளம் தெறித்து ரசச் சட்டிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துண்டில் துடைத்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"பாக்கியம், இதையும் சேத்துப் போட்டுக்க. கொல்லப்பக்கம் குடுக்கும்போது இது கனமா இருக்கும், பாத்துக் குடு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி சொன்னாரா?"

"தம்பி ஒண்ணும் சொல்லல. நான் உன்கூட முப்பது வருசமா இருக்கேன்."

மதினி காசைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று எனக்கு ஊற்றிய குழம்பு சட்டையில் தெறிக்கவே இல்லை.

அந்த வெள்ளிக் காசு இப்போது பளபளப்பெல்லாம் போய், மஞ்சள் தூளும் எண்ணெயும் ஏறி, பார்க்கப் பாவமாக இருக்கிறது. விற்றால் நல்ல விலை போகும் என்று சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யார் கையில் போனாலும் மத்தியானம் திரும்பி வந்துவிடுகிறது. இதை நான் இன்னும் நம்ப முடியாமல்தான் இருக்கிறேன்.

போன வாரம் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்று மேனேஜர் போன் செய்தார். மத்தியானப் பஸ்ஸில் போய் இறங்கினேன். மெஸ்ஸின் உள்ளறையில் கட்டிலில் கிடந்தார். பாதியாக இளைத்திருந்தார். மூன்று நாளாகச் சரியான தூக்கமும் இல்லை என்றார் மதினி. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தார்.

"சாப்பிட்டீகளா?"

அந்த நிலையில் அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று, "சாப்பிட்டுத்தான் வந்தேன் அண்ணாச்சி" என்றேன்.

"பாக்கியம்" என்றார், குரல் எழும்பாமல். "தம்பி பொய் சொல்றாக. இங்கனயே இலையப் போடு, நான் பாக்கணும்."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் ஒருக்களித்துப் படுத்து என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு, குழம்பு, ரசம், மோர் வரை எல்லாம் முடிந்தும், அவர் கண் அசந்து மூச்சு சீராகும் வரை நான் இலையை மடக்கவில்லை.